மீன்களை எண்ணிய மருத்துவர்

ஒருவர் எதை நாடிப் புறப்பட்டாரோ அது கைகூடாமற் போய், வழியில் அவர் செய்த வேறொரு வேலையால் உலகம் அவரை நினைவிற் கொள்வதுண்டு. அத்தகையோர் வரலாறு மாணவராகிய நமக்கு மிகவும் பயன்படும் என்பது என் எண்ணம். நாமும் ஏதோ ஒன்றை நாடி ஊரைவிட்டு வந்திருப்பவர்கள்தாமே! நாடியது கிட்டுமா என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் வந்த இடத்தில் கண்ணுக்கு முன்னே இருப்பதைக் கூர்ந்து நோக்குவது நம் கையில்தான் இருக்கிறது. அவ்வாறு நோக்கிய ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை.

அவர் பெயர் பிரான்சிஸ் டே. தொழிலால் மருத்துவர். இந்திய மீன்களைப் பற்றிக் கற்கப் புகும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பெயர் அது. ஒரு மீனின் விஞ்ஞானப் பெயரை எழுதியபின், அதனை முதன்முதல் விவரித்தவரின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தில் எழுதுவது எங்கள் துறையின் மரபு. ‘டே, 1865’ என்று நான் எத்தனை முறை என் குறிப்பேட்டில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த ‘டே’ யார் என்று தேடியபோது, அவர் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வாழ்ந்தவர் என்று அறிந்தேன். அறிந்தபின் அவரை விட மனம் வரவில்லை.

என் வீடு மட்டாஞ்சேரியில், ஜூ டவுனுக்கு அருகில் இருக்கிறது. என் தந்தையார் தூத்துக்குடியிலிருந்து இங்கு வந்து, ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். நான் சுக்கு மணமும் மிளகு மணமும் கலந்த அந்தத் தெருவில் வளர்ந்தவன். தெருவின் கோடியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயில் நிற்கிறது. பரதேசி என்றால் வேற்று நாட்டார் என்பது பொருள். பிற நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்தோர் குடியேறிய தெரு அது. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின், அங்கிருந்தோரிற் பெரும்பாலோர் மீண்டும் கடல் கடந்து போய்விட்டனர். இன்று அவ்வீடுகளில் பழம்பொருட் கடைகளும் நறுமணப் பொருட் கடைகளுமே மிகுதி. வந்தவர்களும் போனவர்களும் நிறைந்த அத்தெருவுக்கு டேயும் ஒரு வகையில் உறவுடையவரே. 1863இல் சென்னையில் அச்சான அவருடைய முதல் நூல் கொச்சியைப் பற்றியது. பெருமாள்களின் நாடு என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். அதில் கொச்சியின் பழைய வரலாறு, அங்கு வாழ்ந்த பல இன மக்கள், விலங்குகள், பறவைகள், மீன்கள் ஆகிய எல்லாம் இடம்பெற்றன. யூதர்களைப் பற்றியும் விரிவாக எழுதினார்.

இளமையும் கொச்சி வருகையும்

டே 1829ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், இங்கிலாந்தில் சசெக்ஸ் மாவட்டத்து மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். நிலபுலன்கள் உடைய குடும்பம். ஷ்ரூஸ்பரி பள்ளியில் பயின்றார். சார்லஸ் டார்வினும் அதற்கு முன் பயின்ற பள்ளி அது. பின்னர் லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்று, 1852இல் சென்னை மாகாண மருத்துவப் பணியிற் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. இதை எழுதும் எனக்கும் அதே வயது என்பதால் அந்த எண் என் மனத்தில் பதிந்துவிட்டது.

முதலில் பர்மாப் போரில் படைமருத்துவராகப் பணிபுரிந்தார். பிறகு தென்னிந்தியாவில் ஊர் ஊராக மாற்றலாகி, கொச்சிக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் கொச்சி இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தது. கோட்டைக் கொச்சி ஆங்கிலேயரிடம் இருந்தது. மட்டாஞ்சேரியும் ஜூ டவுனும் கொச்சி மன்னருக்கு உரியவை. ஆங்கிலக் கொச்சியின் மருத்துவராக டே அமர்ந்தார்.

காலையில் நோயாளிகளைப் பார்த்தபின் ஒரு மருத்துவருக்கு என்ன பொழுதுபோக்கு? வேறு பலர் வேட்டையாடினார்கள், சீட்டாடினார்கள். டேயின் கண் மீன்மேற் சென்றது. செல்லாமல் எப்படி இருக்கும்! ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் வேம்பநாட்டுக் காயல். இடையே முகத்துவாரத்தில் சீனவலைகள் ஏறி இறங்கிய வண்ணம் இருக்கும். கடல் மீனும் காயல் மீனும் ஆற்று மீனும் ஒரே சந்தையில் வந்து குவியும் ஊர் இது. மீனை அறிய விரும்பும் ஒருவருக்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் அமைவது அரிது.

மீனை அறிவது என்றால் என்ன என்று பிற துறை நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. சுருங்கச் சொன்னால், எண்ணுவதுதான். முதுகுத் துடுப்பில் முள் எத்தனை, மென்கதிர் எத்தனை? உடலின் பக்கக்கோட்டில் செவுள் முதல் வால் வரை செதில் எத்தனை? செவுளில் பல்போன்ற முனைகள் எத்தனை? நிறம் ஏமாற்றும், பருமனும் ஏமாற்றும். எண்ணிக்கை அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. யூதர்களின் சமய நூல், துடுப்பும் செதிலும் உடைய மீனையே உண்ணலாம் என்று விதிக்கிறது. ஆகவே ஜூ டவுன் அடுக்களைகளில் கெளுத்திக்கும் விலாங்குக்கும் இறாலுக்கும் இடமில்லாதிருந்தது. சமயத்திற்காக அவர்கள் செதிலை நோக்கினார்கள். விஞ்ஞானத்திற்காக டேயும் செதிலையே நோக்கினார். ஒரே ஊரில், ஒரே சந்தை மீனை, இரு வேறு நோக்கத்தோடு புரட்டிப் பார்த்த கைகள் அவை.

ஈத்தூண்டில் ஆசை

ஆனால் டே முதலில் நாடியது நம் நாட்டு மீனை மட்டும் அன்று. ட்ரவுட் என்னும் ஐரோப்பிய மீனை நீலகிரி மலையாறுகளில் குடியேற்ற வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. அவ்வாசை அக்கால ஆங்கிலேயர் பலருக்கும் இருந்தது. ஏன் என்பதைச் சிறிது விளக்க வேண்டும்.

நம் ஊரில் தூண்டில் என்றால் முள்ளில் மண்புழுவைக் கோத்து நீரில் விட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஈத்தூண்டில் அவ்வாறன்று. பறவை இறகையும் பட்டு நூலையும் கொண்டு, நீர்மேற் பறக்கும் ஈயைப்போல ஒரு பொய் ஈயை முள்ளின்மீது கட்டுவார்கள். அது காற்றைப்போல் இலேசானது, வீசினால் போகாது. ஆகவே கயிற்றுக்கே கனம் கொடுத்து, வளையும் கோலால் அக்கயிற்றை முன்னும் பின்னும் சுழற்றி வீசுவார்கள். ஈ மெல்ல நீர்மேல் அமர வேண்டும். ஓடும் நீரை எதிர்த்து நிற்கும் ட்ரவுட், மேலே மிதந்து வரும் பூச்சியைக் கண்ணால் பார்த்துப் பாய்ந்து பிடிப்பது. தண்ணீர் தெளிவாக இருந்தால் அது ஆளையும் பார்த்துவிடும். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி அந்த ஆற்றில் இறக்கை முளைத்து எழுகிறது என்பதை அறியாதவருக்கு மீன் அகப்படாது. எனவே இது விளையாட்டும் ஆகும். ஓரளவு இயற்கை நூற் படிப்பும் ஆகும். தம் ஊர் ஓடைகளில் இதைக் கற்று வளர்ந்தவர்கள் நீலகிரியின் குளிரையும் ஓடைகளையும் கண்டபோது, இங்கு ட்ரவுட் மட்டும் இல்லையே என்று ஏங்கினார்கள். குடிபெயர்ந்தவர்களின் ஏக்கம் அது. ஊர்விட்டு வந்த தமிழர் போன இடமெல்லாம் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டுப் பார்ப்பதில்லையா? அதைப் போன்றதே.

1863இல் டே முதன்முறையாக முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. விடுமுறையில் இங்கிலாந்து சென்று திரும்பிய பின், 1866இல் மறுபடி முயன்றார். அதுவும் பலிக்கவில்லை.

தோல்வியின் காரணத்தை இன்று நாம் எளிதாகக் கூறலாம். குளிர்ந்த நீர் மிகுந்த பிராணவாயுவைத் தன்னுள் வைத்திருக்கும், வெந்நீர் வைத்திருக்காது. உறைநிலைக்கு அருகில் உள்ள நன்னீரில் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் கரைந்திருக்கக் கூடிய பிராணவாயு, 30 பாகைச் சூட்டில் 8 மில்லிகிராமுக்கும் குறைந்துவிடும். ட்ரவுட் முட்டைக்கு அதிகப் பிராணவாயு வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். 10 பாகைக் குளிரில் ஏறத்தாழ ஆறு வாரத்திற் பொரியும் முட்டை, பனிக்கட்டிக்கருகில் வைத்தால் பல மாதம் பொரியாமல் உறங்கும். சூடு ஏறினாலோ இறந்துவிடும். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து வரும் பொருள், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர வேண்டும்; அல்லது எகிப்தில் கரையிறங்கி இரயிலேறி, செங்கடலின் கொதிப்பைக் கடந்து வர வேண்டும். வந்தபின்னும் சமவெளியின் வெயிலில் மாட்டு வண்டியில் மலையடிவாரம் வரை போக வேண்டும். அத்தனையையும் கடந்து ஒரு முட்டை உயிரோடிருப்பது எளிதா?

எளிதன்று, ஆனால் முடியாததும் அன்று. டேயின் இரண்டு முயற்சிகளுக்கும் நடுவே, 1864இல், நார்போக் என்னும் கப்பல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சால்மன் முட்டைகளைக் கொண்டு சென்றது. ஈரப் பாசியிடையே முட்டைகளைப் பரப்பிச் சிறு பெட்டிகளில் அடைத்து, அப்பெட்டிகளைக் கப்பலுக்குள் கட்டிய பனிக்கட்டி அறையில் அடுக்கினார்கள். நிலநடுக்கோட்டைக் கடந்து மெல்போர்ன் சேர்ந்த அம்முட்டைகளில் பல, டாஸ்மேனியாவில் பொரித்தன. சால்மனுக்கு நடுவே உடன் அனுப்பிய சில ஆயிரம் ட்ரவுட் முட்டைகளும் இருந்தன. விரும்பிக் கொண்டுசென்ற சால்மன் அங்கே நிலைக்கவில்லை. துணைக்குப் போன ட்ரவுட்தான் வேரூன்றியது. விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய வேடிக்கை பல உண்டு.

கண்முன் இருந்த மீன்கள்

ட்ரவுட் வரவில்லை. ஆனால் டே சும்மா இருக்கவில்லை. மலபார்க் கரையின் மீன்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1865இல் லண்டனில் வெளியாயிற்று. சந்தைக் கூடையிலும் வலையிலும் கிடந்தவற்றுள் விஞ்ஞானம் பெயரறியாத மீன்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

திருவிதாங்கூர் மலையடிவாரத்தில் முண்டக்கயம் என்ற ஊர் இருக்கிறது. ஹென்றி பேக்கர் என்ற கிறிஸ்தவக் குருவானவர் அங்கே பிடிக்கப்பட்ட சிறு கெண்டை மீன்களை டேயிடம் சேர்த்தார். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. அதன்மேல் மூக்கு முதல் உடலின் நடு வரை சிவப்புக் கோடு. மலையாளத்தில் செங்கணியான் என்பர். 1865இல் டே அதற்கு அப்போதைய சென்னைக் கவர்னர் சர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். டெனிசன் சென்னைக்கு வருமுன் டாஸ்மேனியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் கவர்னராக இருந்தவர். இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் ‘மிஸ் கேரளா’ மீன் இதுவேதான்.

1867இல் சர் ஆர்தர் காட்டன் ஒரு கவலையை எழுப்பினார். ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் கட்டுவதால் மீன்வளம் கெடுமோ என்பது அக்கவலை. கொள்ளிடத்தின் அணைகளை 1836இல் அமைத்தவரே இக்கேள்வியைக் கேட்டார் என்பதை நாம் பாராட்ட வேண்டும். இதனை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது. கொள்ளிடத்தில் கடலிலிருந்து ஏறி வரும் உல்லம் மீன் நம்மவருக்கு நன்கு தெரிந்தது. வங்காளிகள் ஹில்சா என்று கொண்டாடுவது அதையே. முட்டையிட ஆற்றில் ஏறும் அம்மீன், அணைச்சுவரில் முட்டி நிற்கும். நின்ற இடத்தில் வலை காத்திருக்கும். அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி அமைக்க வேண்டும் என்பது டேயின் பரிந்துரை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உல்லம் மிகவும் அருகிப்போயிற்று. எச்சரிக்கை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது!

1871இல் டே இந்தியா முழுவதற்கும் மீன்துறைத் தலைமை அதிகாரி ஆனார். 1877 வரை அப்பதவியில் இருந்தார். சிந்து முதல் பர்மா வரை பயணம் செய்தார். மாவட்ட ஆட்சியாளருக்கும் தாசில்தாருக்கும் கேள்வித்தாள் அனுப்பி, எந்த ஆற்றில் என்ன மீன், எந்த வலையின் கண் எவ்வளவு, மீன்குஞ்சைப் பிடிக்கிறார்களா, சந்தையில் மீன் போதுமா என்று கேட்டறிந்தார். 1873இல் நன்னீர் மீன்பிடிப்பைப் பற்றி ஓர் அறிக்கையும், கடல் மீன்பிடிப்பைப் பற்றி ஓர் அறிக்கையும் வெளியிட்டார். வாய்க்கால்களில் அடைப்பு வைத்துக் குஞ்சுகளையும் அரித்தெடுப்பது, குட்டையில் நஞ்சு கலப்பது ஆகியவற்றை அவர் கண்டித்தார். உப்புவரி காரணமாக மீனவர் மீனை நன்கு உப்பிட்டுக் காக்க இயலாமையையும் எடுத்துக் காட்டினார்.

இங்கு ஒரு நியாயத்தையும் நாம் மறக்கலாகாது. குஞ்சு மீனைப் பிடித்தவர் யார்? அன்றைய கஞ்சிக்கு வழியில்லாத ஏழையே. தடைச் சட்டம் போட்டால் அவன் அடுப்புத்தான் முதலில் அணையும் என்று அஞ்சிய அதிகாரிகளும் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் அச்சம் பொய்யன்று. ஆனால் குஞ்சு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அவனுக்கே மீன் இல்லை என்ற டேயின் வாதமும் பொய்யன்று. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையில் வழி காண்பது இன்றும் மீன்துறையின் தலைவலியாகவே இருக்கிறது. மீன்பிடிப்பில் வெடியையும் நஞ்சையும் தடைசெய்யும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது. அப்போது டே இறந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

பெரும் நூல்

இந்திய மீன்கள் பற்றிய அவருடைய பெரும் நூல் 1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. 1400க்கும் மேற்பட்ட மீன் இனங்கள். ஏறத்தாழ 200 படத்தகடுகள். படங்களுக்கு மூலச் சித்திரங்களை வரைந்தவரும் அவரே. எங்கள் நூல்நிலையத்தில் அதன் மறுபதிப்பைப் புரட்டும்போது, செதில் வரிசைகளைப் படத்தில் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம்.

அந்நூலில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஒவ்வொரு மீனுக்கும் கீழே, விஞ்ஞானப் பெயரோடு, அந்தந்த நாட்டு மக்கள் வழங்கும் பெயர்களையும் டே குறித்திருக்கிறார். தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், தெலுங்குப் பெயர், வங்காளப் பெயர், சிந்திப் பெயர் ஆகியவை ஆங்கில எழுத்தில் வரிசையாக நிற்கின்றன. ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியதால் சில பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. உரக்கப் படித்தால்தான் விளங்கும். அவ்வாறு படிக்கும்போது, தூத்துக்குடியில் என் பாட்டி மீன்கூடைக்காரியிடம் பேரம் பேசிய சொற்கள் அப்பக்கங்களிலிருந்து எழுந்து வருவதுண்டு. கொச்சியில் வளர்ந்து மலையாளத்தில் மீன் வாங்கப் பழகிவிட்ட எனக்கு, தாய்மொழிச் சொற்கள் சிலவற்றை அந்த ஆங்கிலேயரின் நூலே மீட்டுக் கொடுத்தது.

அப்பெயர்களை டேக்குச் சொன்னவர்கள் யார்? வலைஞரும் சந்தைப் பெண்டிரும் ஆவர். அவர்கள் பெயர் நூலில் இல்லை. மீனுக்குக் கவர்னர் பெயர் கிடைத்தது. மீனைப் பிடித்துக் கொடுத்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. இதனைச் சொல்லாமல் டேயைப் புகழ்வது முறையாகாது. ஆயினும் அவர்களுடைய சொற்களைக் குப்பையென்று தள்ளாமல் அச்சேற்றினாரே, அந்த அளவில் அவர் நேர்மையானவர்.

இறுதி ஆண்டுகள்

1877இல் பணியிலிருந்து ஓய்வு பெற்று, செல்டன்ஹாம் நகரில் வாழ்ந்தார். குடும்ப வாழ்வில் துயரம் மிகுதி. இருமுறை மணந்தார்; இரு மனைவியரையும் இழந்தார். விஞ்ஞான உலகிலும் போராட்டம் இருந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் விலங்கியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஆல்பர்ட் குந்தருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1883இல் லண்டனில் நடந்த அனைத்துலக மீன்துறைக் கண்காட்சியில் டே தம் இந்திய மீன்களைக் காட்சிக்கு வைத்தார். அவற்றுள் பெரும் தொகுதி ஒன்றைச் சிட்னி நகரத்து ஆஸ்திரேலிய மியூசியம் விலைக்கு வாங்கிக்கொண்டது. இதன் விளைவை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். ஒரு மீனின் பெயரில் ஐயம் வந்தால், முதன்முதல் பெயரிடப்பட்ட அதே உடலைப் பார்த்துத்தான் ஐயம் தீர்க்க வேண்டும். மலபார் ஆற்று மீனின் ஐயத்தைத் தீர்க்க ஒரு கேரள மாணவன் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் எழுத வேண்டியிருக்கிறது.

வாழ்வின் கடைசிக் கட்டத்தில் டே மீண்டும் ட்ரவுட்டிடமே சென்றார். ஸ்காட்லாந்தில் ஹவியட்டன் என்ற இடத்தில் சர் ஜேம்ஸ் மெயிட்லண்டு நடத்திய பெரிய மீன்பண்ணையில் ஆராய்ச்சிகள் செய்தார். 1887இல் பிரிட்டனின் சால்மன், ட்ரவுட் இனங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். குந்தர் அந்நாட்டு ட்ரவுட்களைப் பல தனி இனங்களாகப் பிரித்திருந்தார். கடலுக்குச் சென்று வெள்ளி நிறத்தோடு திரும்புவது ஓர் இனம், ஏரியில் பருத்து வளர்வது ஓர் இனம், ஓடையில் சிறுத்துப் புள்ளியோடு வாழ்வது ஓர் இனம் என்று எண்ணினார். டே அதை மறுத்தார். இவை யாவும் ஓர் இனமே. நீருக்கும் இரைக்கும் ஏற்ப நிறமும் உருவும் மாறுகின்றன என்றார். இக்காலத்து ஆராய்ச்சி பெரும்பாலும் டேயின் கட்சியையே ஆதரிக்கிறது.

இந்திய அரசின் சி.ஐ.இ. பட்டம் 1885இல் கிடைத்தது. எடின்பரோ பல்கலைக்கழகம் 1889இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதே ஆண்டில், இந்திய விலங்கின வரிசையில் மீன்களைப் பற்றிய அவருடைய இரு தொகுதிகள் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூலை 10ஆம் நாள், அறுபதாம் வயதில், புற்றுநோயால் டே காலமானார்.

அவருக்குப் பின்

ட்ரவுட் கதை அத்தோடு முடியவில்லை. 1882இல் இலங்கை நுவரெலியாவில் ட்ரவுட் குடியேறத் தொடங்கிற்று. 1900இல் காஷ்மீரத்தில் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஹெச். சி. வில்சன் என்பவர் இலங்கையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வானவில் ட்ரவுட்டைக் கொண்டு வந்து நீலகிரியில் நிலைநாட்டினார். அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. மூணாற்று மலைகளிலும் தேயிலைத் தோட்டக்காரர்கள் ட்ரவுட் வளர்த்து ஈத்தூண்டில் வீசினார்கள். டே கண்ட கனவு இவ்வாறு பிறர் கையால் நிறைவேறியது. ஆனால் வந்து நிலைத்தது டே அறிந்து வளர்ந்த இங்கிலாந்து ட்ரவுட் அன்று. அமெரிக்காவின் மேற்குக்கரை ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட் அது. சற்று மிகுந்த சூட்டையும் தாங்கிக்கொள்வது. எந்த நாட்டு மீன் என்று பாராமல், எந்த நீருக்கு எது பொருந்தும் என்று பார்த்தபோதுதான் காரியம் கைகூடியது.

இன்னொரு கதை இதற்கு நேர்மாறாக நடக்கிறது. முண்டக்கயத்துச் செங்கணியானை அழகுக்காக உலகம் விரும்பியது. ஆறுகளிலிருந்து அள்ளியள்ளி ஏற்றுமதி செய்தார்கள். 2013இல் ஆராய்ச்சியாளர்கள் அதனைச் சஹ்யாத்ரி மலையின் பெயரால் ஒரு தனிப் பேரினத்தில் வைத்தார்கள். ஆனால் இயற்கையில் அது அழிவு எல்லைக்கு உட்பட்ட மீன் என உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் கூறுகிறது. அயல்நாட்டு மீன் ஒன்றை நம் மலையில் வாழவைக்க எத்தனை பேர், எத்தனை ஆண்டுகள், எவ்வளவு பொருள்! நம் மலையிலேயே பிறந்த மீனைக் காக்க நம்மில் எத்தனை பேர்?

தோழர்களே! டே இந்த நாட்டில் பிறந்தவர் அல்லர். இங்கு நிலையாகத் தங்கியவரும் அல்லர். ஆளவந்த அரசின் ஊழியர் அவர். ஆயினும் வந்த இடத்து மீனின் செதிலை எண்ணினார். வந்த இடத்து மக்களின் சொல்லைக் கேட்டு எழுதினார். தம் ஊர் மீன் இல்லையே என்ற ஏக்கம் அவர் கண்ணை மறைக்கவில்லை. நாமும் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு வந்தவர்கள். ஊர் நினைவு நமக்கும் இருக்கிறது, இருக்க வேண்டும். அதோடு, வந்திருக்கும் ஊரின் ஆற்றையும் காயலையும் மரத்தையும் மக்களையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கேனும் நாம் அறிந்திருக்கிறோமா? அவற்றுக்கு நம் தாய்மொழியில் உள்ள பெயர்களை மறவாமல் காக்கிறோமா?

வேம்பநாட்டுக் காயலின் மீன்களுக்கு வழங்கும் மலையாளப் பெயரையும் தமிழ்ப் பெயரையும், சொன்னவரின் பெயரோடும் ஊரோடும் சேர்த்துத் திரட்டும் வேலையை நம் மன்றம் தொடங்கலாம். டே விட்டுச்சென்ற குறை அது ஒன்றே. அதை நிரப்ப ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. அதிகாலையில் எழுந்து மீன்சந்தைக்குப் போகும் கால்களும், கேட்டதைக் கேட்டபடி எழுதும் கையும் போதும். வர விரும்புவோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.